மீட்டரில் 230, எர்த்தில் ஒன்றுமில்லை

கண்ணமங்கலத்தில் புது வீட்டின் வயரிங் வேலையை முடித்து ஒப்படைக்கும் நாளில் நடப்பதைத் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் பார்க்கலாம். எலக்ட்ரீசியன் மல்டிமீட்டரின் ஒரு முனையை பிளக் பாயின்ட்டின் பேஸ் துளையில் செருகுகிறார், மறுமுனையை நியூட்ரலில். 230. பிறகு நியூட்ரலில் இருந்த முனையை உருவி மேலே இருக்கும் பெரிய துளையில் வைக்கிறார். மறுபடியும் 230. “பாத்துக்குங்கண்ணா, எர்த் பக்காவா இருக்கு” என்கிறார். வீட்டுக்காரருக்குத் திருப்தி. கண்ணால் பார்த்த எண், அதுவும் டிஜிட்டல் எண். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிடலாம்.

அந்த 230ஐ வைத்து எர்த் நன்றாக இருக்கிறது என்று சொல்லவே முடியாது. தெருமுனை எலக்ட்ரீசியன் முதல் ஐடிஐ முடித்தவர் வரை, வீட்டுக்காரர் முதல் கடைக்காரர் வரை பலரும் இதை அசைக்க முடியாத சோதனையாக நம்புகிறார்கள். ஜவ்வாது மலையடிவாரம் போன்ற கடினப் பாறை நிலத்தில் இந்த நம்பிக்கை உயிருக்கே உலை வைக்கக்கூடியது. நம்புகிறவர்களை முட்டாள்கள் என்று சொல்வதற்கில்லை. நம்புவதற்குக் காரணம் இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொள்வோம்.

ஊர் டிரான்ஸ்பார்மரில் நியூட்ரல் மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கிறது. வீட்டு எர்த் கம்பியும் குழியில் மண்ணோடு சேர்கிறது. ஆகவே பேஸிலிருந்து எர்த்துக்கு அளந்தால், மண் வழியாக டிரான்ஸ்பார்மர் வரை ஏதோ ஒரு பாதை இருக்கும்வரை, நியூட்ரலுக்கு அளந்தது போலவே 230 வரும். எர்த் கம்பி நடுவில் அறுந்திருந்தால் இந்த எண் பெரும்பாலும் குறையும், அல்லது அலைபாயும். இந்த அளவுக்கு ரீடிங் ஒரு சேதி சொல்கிறது: பாதை என்று ஏதோ இருக்கிறது. அந்தப் பாதை எவ்வளவு கரண்ட்டைத் தாங்கும் என்பது வேறு கேள்வி. எர்த் இருப்பதே அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான். அதை யாரும் மீட்டரிடம் கேட்கவில்லை.

மீட்டரின் உள்ளே பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம் அளவில் இருக்கும். 230 வோல்ட்டில் அது இழுக்கும் கரண்ட் 23 மைக்ரோ ஆம்பியர், அதாவது ஒரு ஆம்பியரில் சுமார் நாற்பத்து மூவாயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் எர்த் குழியின் தடை 10,000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த் என்றே சொல்லத் தகாத எர்த் அது. அந்தத் தடையில் 23 மைக்ரோ ஆம்பியர் பாய்ந்தால் இழப்பு 0.23 வோல்ட். மீட்டர் 229.8 காட்டும். எலக்ட்ரீசியன் “பக்கா” என்பார். கிணற்றுக் கயிறு இற்றுப்போயிருக்கிறதா என்பது சும்மா தொங்கவிட்டுப் பார்த்தால் தெரியாது, நிறைகுடத்தைக் கட்டி இழுத்தால்தான் தெரியும்.

இனி எர்த் செய்ய வேண்டிய வேலையைப் பார்ப்போம். பிரிட்ஜுக்குள் பேஸ் ஒயரின் தோல் உரிந்து தகர உடம்பைத் தொடுகிறது. அந்தக் கரண்ட் எர்த் வழியே இறங்க வேண்டும், இறங்குகிற கரண்ட், டிபி பாக்ஸில் இருந்து அளவு மிஞ்சினால் இணைப்பைத் துண்டிக்கும் எம்சிபியை உடனே விழவைக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். வீடுகளில் பவர் பாயின்ட்டுக்கு வழக்கமாகப் போடுவது 16 ஆம்பியர் எம்சிபி. அதில் ‘சி’ வகை கண்ணிமைக்கும் நேரத்தில் விழ, அதன் அளவைப் போல 5 முதல் 10 மடங்கு வரை, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் வரை வேண்டும். ‘பி’ வகைக்கு 3 முதல் 5 மடங்கு, அதாவது 48 முதல் 80 ஆம்பியர்.

இந்தக் கரண்ட்டை நம் எர்த் பைப் தருமா? எர்த்திங் பற்றிய இந்தியத் தரநிலையான ஐஎஸ் 3043இல் ஒற்றை பைப்பின் தடையைக் கணக்கிட ஒரு சூத்திரம் இருக்கிறது. 40 மில்லிமீட்டர் விட்டம், இரண்டரை மீட்டர் நீளம் கொண்ட ஜிஐ பைப்பை, ஈரப்பசையுள்ள நல்ல மண்ணில் (மண்ணின் தடைத்திறன் 100 ஓம்-மீட்டர்) இறக்கினால் கிடைப்பது சுமார் 35 ஓம். 230ஐ 35ஆல் வகுத்தால் 6.6 ஆம்பியர். பதினாறு ஆம்பியர் எம்சிபிக்கு இது வழக்கமான சுமை, காலமெல்லாம் விழாமல் நிற்கும். நல்ல மண்ணிலேயே இந்த நிலை என்றால், கண்ணமங்கலத்துக்கு மேற்கே மலையை நோக்கிப் போகப் போக நிலம் எப்படி இருக்கிறது என்று அங்கே போர் போட்டவர்களைக் கேளுங்கள். கொஞ்சம் செம்மண், கொஞ்சம் சுக்கான், அதற்குக் கீழே பாறை. காய்ந்த பாறை நிலத்தில் தடைத்திறன் 1,000 ஓம்-மீட்டரையும் தாண்டும். 1,000 என்றே வைத்தால் அதே பைப் தருவது 350 ஓம். பாயும் கரண்ட் முக்கால் ஆம்பியர்கூட இல்லை, வெறும் 0.66.

அந்த 0.66 ஆம்பியர் எம்சிபியை அசைக்காது. பழைய வீட்டில் ப்யூஸ் கேரியரில் ஒற்றைக் கம்பி போட்டிருந்தாலும் அது உருகாது. பிரிட்ஜின் உடம்பு ஏறக்குறைய முழு 230 வோல்ட்டில் நின்றுகொண்டே இருக்கும். ஈரக்கையோடு வெறுங்காலில் தரையில் நின்று தொடுகிறவரின் உடல்தடை 1,000 ஓம் என்று கொண்டால், அவர் வழியே 200 மில்லி ஆம்பியருக்கு மேல் பாயும். பிடித்த கையை விட முடியாமல் போக 10 மில்லி ஆம்பியர் சுமாராகப் போதும், இதயத்தின் துடிப்பு குலைய 50 மில்லி ஆம்பியர் அளவே போதும். இந்தப் பழுது வருவதற்கு முன்னால் மல்டிமீட்டரை அந்த பிளக் பாயின்ட்டில் வைத்திருந்தால் என்ன காட்டியிருக்கும்? 230. எர்த் பக்கா.

அந்த 0.66 ஆம்பியர் இரவும் பகலும் மண்ணில் இறங்கினால் நாளொன்றுக்கு மூன்றரை யூனிட்டுக்கு மேல் வீணாகிறது. நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள், அதற்குள் 200 யூனிட்டைத் தாண்டிவிடும். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டும் போய், ‘ஈபி பில் ஏன் இப்படி எகிறுது’ என்று வீட்டுக்காரர் குழம்புகிறார். இப்படிப் பல வீடுகளில் எர்த் பழுதை முதலில் காட்டிக்கொடுப்பது சோதனைக் கருவி எதுவும் இல்லை, பில்தான். அந்த எண்ணையும் யாரும் எர்த்தோடு சேர்த்துப் படிப்பதில்லை.

அனுபவம் உள்ளவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள்: “மீட்டரை விடுங்க சார், நாங்க டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்ப்போம்.” ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்பு, ஒரு ஒயர் பேஸில், மற்றொன்று எர்த்தில். பல்பு பளிச்சென்று எரிந்தால் எர்த் நல்லது. மீட்டரைவிட இது மேல்தான். பல்பு உண்மையான கரண்ட்டை இழுக்கிறது, அரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக. 350 ஓம் எர்த்தில் பல்பு மங்கி அழுவதைப் பார்க்கலாம். ஆனால் 35 ஓம் எர்த்தில்? பல்பின் இரு முனைகளுக்கிடையே 215 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 35 ஓம் எர்த்தும் எம்சிபியை விழவைக்காது என்று மேலே பார்த்தோம். ஆகவே டெஸ்ட் லேம்ப் படுமோசமான எர்த்தை மட்டும் பிடிக்கும், மோசமானதைத் தப்பவிட்டுவிடும். இன்னொரு கேட்டையும் சொல்ல வேண்டும். 350 ஓம் எர்த்தில் பல்பு எரியும் அந்த நேரம் முழுக்க, வீட்டின் எர்த் கம்பி 90 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கிறது. அந்தக் கம்பியில்தான் பிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்பும் கட்டப்பட்டிருக்கிறது. ஹாலில் ஒருவர் பல்பைப் பிடித்துச் சோதித்துக்கொண்டிருக்க, சமையல்கட்டில் கிரைண்டரைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும்.

டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை நம்புவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லார் சட்டைப்பையிலும் இருப்பது அதுதான். அதற்குள் இருப்பது ஒரு நியான் விளக்கும், மெகா ஓம் கணக்கிலான ஒரு தடையும். அது எரியத் தொடங்கவே 60, 70 வோல்ட் வேண்டும். ஈரமான இடத்தில் ஆபத்தாகக்கூடிய 50 வோல்ட் ஓர் உடம்பில் ஏறியிருந்தால் டெஸ்டர் எரியாது. மர ஸ்டூலில் ஏறி நின்று சோதித்தால் பேஸிலேயே மங்கலாகத்தான் எரியும். இது ஒரு பக்கத்துப் பிழை. மறுபக்கமும் உண்டு. “ரெண்டு துளையிலயும் டெஸ்டர் எரியுது, டபுள் பேஸ் வந்துடுச்சு” என்று பதறுவார்கள். பெரும்பாலும் அங்கே இரண்டாவது பேஸ் எதுவும் இல்லை. நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது, ஆனில் இருக்கும் பேன் அல்லது பல்பு வழியாக அதே பேஸ் மறுதுளைக்கும் வருகிறது. எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் பார்த்தால் இரண்டாவது துளையில் டெஸ்டர் அணைந்துவிடும். அறுந்தது போஸ்ட்டில் என்றால் நிலைமை இன்னும் மோசம். மூன்று பேஸிலும் பிரிந்து கிடக்கும் தெருவில் ஒரு வீட்டுக்கு 290, அடுத்த வீட்டுக்கு 140 என்று போய்விடும். அப்போது டிவி எரிந்த வீட்டுக்காரர் ‘வோல்டேஜ் அதிகம்’ என்றும், பக்கத்து வீட்டுக்காரர் ‘வோல்டேஜ் குறைவு’ என்றும் தனித்தனியாகப் புகார் கொடுப்பார்கள். இரண்டு எண்களையும் சேர்த்து வைத்துப் படித்தால் நியூட்ரல் போனது ஒரே பார்வையில் தெரிந்திருக்கும்.

இல்லாத ஆபத்தை மீட்டர் காட்டுவதும் உண்டு. ஒரே பைப்பில் நீளமாகப் போகும் ஒயர்களில், எதிலும் சேராத ஒன்றைத் தொட்டால் டிஜிட்டல் மீட்டர் 40 என்றும் 90 என்றும் காட்டும். பக்கத்து ஒயரின் பேஸ், ஒயர்களுக்கு இடையிலுள்ள மின்தேக்கத்தின் வழியே தந்த நிழல் வோல்டேஜ் அது. ஒரு சின்ன பல்பைக் குறுக்கே போட்டால் பூஜ்யமாகிவிடும். இதைப் பார்த்துவிட்டு ‘சுவரெல்லாம் லீக்கேஜ்’ என்று வயரிங்கைப் பிரிக்கச் சொல்பவர்கள் உண்டு. அதே நேரத்தில், கம்ப்யூட்டர் பெட்டியிலோ வாஷிங் மெஷின் உடம்பிலோ 115 வோல்ட் அருகே காட்டி, தொட்டால் சுருக்கென்று இருந்தால், அதை ‘நிழல்’ என்று தள்ளக் கூடாது. அந்தச் சாதனங்களின் பில்டரில் இரண்டு மின்தேக்கிகள் 230ஐப் பாதியாக வகுத்து உடம்பில் தருகின்றன. எர்த் இருந்தால் அது இறங்கிப் போயிருக்கும். பாதி வோல்டேஜ் கண்ணில் பட்டால் அந்த பாயின்ட்டில் எர்த் அறுந்திருக்கிறது என்று பொருள். எண்கள் ஏறக்குறைய ஒன்றுதான், அர்த்தம் நேர்மாறு.

எல்லாவற்றிலும் கொடிய வேலை ஒன்று உண்டு. எர்த் சரியில்லை என்று தெரிந்ததும் ஸ்விட்ச் போர்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து எர்த் முனையில் முறுக்கிவிடுவது. அதற்குப் பிறகு எந்தச் சோதனை செய்தாலும் அற்புதமான ரீடிங் வரும். பேஸ்–எர்த் 230. டெஸ்ட் லேம்ப் பளிச். மூன்று விளக்கு வைத்த பிளக் டெஸ்டரைச் செருகினால் ‘சரி’ என்று காட்டும், நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருப்பது அதற்குத் தெரியாது. நியூட்ரல்–எர்த் இடையே அளந்தால் பூஜ்யம். ‘ரெண்டு வோல்ட்டுக்குக் கீழே இருந்தா எர்த் சூப்பர்’ என்று ஒரு பாடமே ஊரில் உலவுகிறது, அந்தப் பாடத்தில் இது நூற்றுக்கு நூறு வாங்கும். பிறகு ஒருநாள் கட்-அவுட்டில் நியூட்ரல் லூஸாகிக் கழன்றால், ஆனில் இருக்கும் ஏதோ ஒரு விளக்கின் வழியே வரும் பேஸ், அந்த பாயின்ட்டில் செருகியிருக்கும் சாதனத்தின் உடம்பை முழு 230க்கு ஏற்றிவிடும். மிக நல்ல ரீடிங், மிக மோசமான வயரிங்கிலிருந்து வருகிறது. ‘230 காட்டினால் போதும்’ என்ற கட்சியை மறுக்க இது ஒன்றே போதுமானது.

அடுத்து, மெக்கர். இங்கே நம்பிக்கை வேறு வடிவம் எடுக்கிறது. “மெக்கர்ல இன்ஃபினிட்டி சார்” என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. மெக்கர் நல்ல கருவி. 500 வோல்ட் டிசியை ஒரு நிமிடம் கொடுத்து, ஒயரின் இன்சுலேஷன் வழியே எவ்வளவு கசிகிறது என்று பார்க்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே இணைப்பு தருவதற்கு முன் குறைந்தது 1 மெகா ஓம் வேண்டும் என்றன. மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் இதைச் செய்ய முடியாது. சில வோல்ட் பேட்டரியின் முன்னால் நல்லவனாக நடிக்கும் ஒயர் 500 வோல்ட்டின் முன்னால் குட்டு உடைந்து நிற்கும். ஆனால் எர்த் ஒயர் நடுவிலேயே அறுந்து கிடந்தாலும் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மெக்கர் இன்ஃபினிட்டிதான் காட்டும். கசிவதற்கு அங்கே எதிர்முனையே இல்லை. அதனால்தான் பன்னாட்டுத் தரநிலைகள் சோதனைகளுக்கு ஒரு வரிசை வைத்திருக்கின்றன: எர்த் ஒயர் முனைக்கு முனை தொடர்ச்சியாக இருக்கிறதா என்பது முதலில், இன்சுலேஷன் அதற்குப் பின்பு. முதல் சோதனையைத் தாண்டிவிட்டு இரண்டாவதன் இன்ஃபினிட்டியைக் கொண்டாடுகிறோம்.

‘1 மெகா ஓம் வந்தா பாஸ்’ என்று எல்லைக்கோட்டை மட்டும் பார்ப்பதும் தவறான வாசிப்பு. ஒரு வீட்டின் ஆறு சர்க்யூட்டில் ஐந்து 200 மெகா ஓமுக்கு மேல் காட்டி, ஒன்று மட்டும் 2 மெகா ஓம் காட்டினால், ஆறும் பாஸ்தான். ஆனால் அந்த ஆறாவதில் ஏதோ நடக்கிறது. மழைநீர் இறங்கும் சுவரிலோ, மொட்டைமாடி ஜாயின்ட்டிலோ பழுது வளர்ந்துகொண்டிருக்கிறது. அதைப் பக்கத்துச் சர்க்யூட்டோடும், போன வருடத்து எண்ணோடும் ஒப்பிட்டால்தான் தெரியும். போன வருடத்து எண் நம்மில் யாரிடம் இருக்கிறது? எழுதி வைக்கும் பழக்கமே இல்லை.

இந்த இடத்தில் படித்த இன்ஜினியர் ஒருவர் எழுந்து சொல்வார்: “நீங்க சொல்றது சரி. அதனாலதான் எர்த் டெஸ்டர் வெச்சு அளந்து 5 ஓமுக்குக் கீழே கொண்டு வரணும்ங்கிறோம்.” 230 கட்சிக்கு அடுத்தபடி ஊரில் செல்வாக்குள்ளது இந்த 5 ஓம் கட்சி. இவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். முதலாவது, 5 ஓம் வந்தாலும் பழுதுக் கரண்ட் 46 ஆம்பியர்தான், ‘சி’ வகை 16 ஆம்பியர் எம்சிபி உடனடியாக விழ அது போதாது. சூடேறி விழ சில நொடிகள் ஆகலாம், ஒரு நிமிடம்கூட ஆகலாம். அதுவரை உடம்பில் வோல்டேஜ் நிற்கும். இரண்டாவது, 350 ஓம் தரும் பாறை நிலத்தில் 5 ஓம் வர வேண்டுமானால், ஒன்றின் செல்வாக்கு மற்றொன்றில் படாத தூரத்தில் எழுபது பைப் இறக்க வேண்டும். எந்த வீட்டுக்காரர் செய்வார்? செய்ய முடியாததை விதியாக வைத்தால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததே. ரிப்போர்ட்டில் மட்டும் 5 ஓம் வரும்.

மூன்றாவது, அந்த 5 ஓம் எப்படி அளக்கப்பட்டது? அளப்பதற்கு அரைமணி முன்னால் குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. கரியும் உப்பும் போன மாதம்தான் போட்டது. இரண்டு மழைக்காலத்தில் உப்பு கரைந்து இறங்கிவிடும். கண்ணமங்கலம் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, இடையில் நெருப்பாய்க் காயும் சித்திரையும் வைகாசியும் உண்டு. கார்த்திகையில் எடுத்த எண் சித்திரைக்குச் செல்லாது. எர்த் டெஸ்டரின் இரண்டு குச்சிகளையும் குழியிலிருந்து போதிய தூரத்தில் நட வேண்டும். வெளிக்குச்சி 25 மீட்டராவது தள்ளி, நடுக்குச்சி அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 62 சதவீதத்தில், பிறகு நடுக்குச்சியை முன்னும் பின்னும் நகர்த்தி மூன்று ரீடிங்கும் ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். தெருவெல்லாம் சிமென்ட் போட்ட ஊரில் இடமில்லை என்று பக்கத்து பக்கத்தில் நட்டுவிட்டால் ரீடிங் தவறாக வரும். அதுவும் உண்மையைவிடக் குறைவாக, அதாவது நல்லதாக வரும். பிழை எப்போதும் நமக்குப் பிடித்த பக்கமே சாய்கிறது, அதனால்தான் அதை யாரும் சந்தேகிப்பதில்லை.

அப்படியானால் பாறையில் வீடு கட்டியவர் என்ன செய்வது? இங்கேதான் ஆர்சிசிபி வருகிறது. போகிற கரண்ட்டும் திரும்புகிற கரண்ட்டும் சமமாக இல்லாவிட்டால், 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும் கருவி அது. அதை வைத்த வீட்டில் எர்த்தின் கணக்கே மாறிவிடுகிறது. உடம்பில் 50 வோல்ட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள, 50ஐ 0.03ஆல் வகுத்தால், 1,667 ஓம் வரை எர்த் இருக்கலாம். மேலே பார்த்த 350 ஓம் எர்த், எம்சிபியை மட்டும் நம்பினால் கொலைக்கருவி. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் உடம்பில் நிற்கக்கூடியது 10.5 வோல்ட்தான், அதற்குமேல் போனால் விழுந்துவிடும். எர்த் அதேதான், எண் அதேதான். எதோடு சேர்த்து வாசிக்கிறோம் என்பதைப் பொறுத்து அது எமனாகவும் இருக்கிறது, காவலாகவும் இருக்கிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விநியோக விதித்தொகுப்பைத் திருத்தி, வீடுகளிலும் 30 மில்லி ஆம்பியர் கருவியைக் கட்டாயமாக்கியது. அதன் விலை ஒரு நல்ல மிக்ஸியின் விலையைவிடக் குறைவு.

ஆனால் ஆர்சிசிபியைச் சுற்றியும் இரண்டு மூடநம்பிக்கைகள் வளர்ந்துவிட்டன. ஒன்று: “டெஸ்ட் பட்டனை அமுக்குனா விழுது, அப்ப எர்த்தும் ஓகே.” அந்தப் பட்டன் கருவிக்குள்ளேயே பேஸிலிருந்து நியூட்ரலுக்கு ஒரு சின்னக் கரண்ட்டைத் திருட்டுத்தனமாக அனுப்புகிறது. வீட்டில் எர்த்தே இல்லாவிட்டாலும் விழும். பட்டன் சொல்வது கருவியின் எந்திரம் வேலை செய்கிறது என்பதை மட்டும். எத்தனை மில்லி ஆம்பியரில், எத்தனை மில்லிசெகண்டில் விழுகிறது என்பதற்குத் தனி டெஸ்டர் உண்டு. 15இல் விழக் கூடாது, 30இல் 300 மில்லிசெகண்டுக்குள் விழ வேண்டும், 150இல் 40 மில்லிசெகண்டுக்குள். எர்த் இல்லாத வீட்டிலும் ஆர்சிசிபி உயிரைக் காக்கலாம்தான். ஆனால் அங்கே முதலில் ஷாக் வாங்குகிறவரின் உடம்பே அதற்கு எர்த் ஆகிறது.

இரண்டாவது நம்பிக்கை இன்னும் மோசம்: “அடிக்கடி டிரிப் ஆகுதுண்ணா, தொந்தரவு, பைபாஸ் பண்ணிட்டேன்.” டிரிப் ஆவதும் ஒரு ரீடிங். அந்த வீட்டில் எடுக்கப்பட்ட ரீடிங்குகளிலேயே நேர்மையானது அதுவாகத்தான் இருக்கும். மோட்டார் போட்டால் மட்டும் விழுகிறதா, மழை பெய்தால் மட்டும் விழுகிறதா, ராத்திரி சும்மா இருக்கும்போது விழுகிறதா என்பதிலேயே பழுது இருக்கும் இடம் எழுதியிருக்கிறது. பெரிய சுமை போட்டால் எந்த சர்க்யூட் என்றில்லாமல் விழுந்தால், அநேகமாக எங்கோ நியூட்ரல் ஒயர் எர்த்தைத் தொடுகிறது. சுமை ஏற ஏற நியூட்ரலில் ஏறும் ஒன்றிரண்டு வோல்ட் அந்த இடத்தில் கசிகிறது. பேஸை மட்டும் மெக்கர் போட்டுப் பார்க்கிறவருக்கு இது சிக்காது, நியூட்ரலையும் மெயினில் பிரித்துப் போட்டுப் பார்க்க வேண்டும். அவர் இன்ஃபினிட்டி கண்டுவிட்டு, “வயரிங்ல ஒண்ணும் இல்ல, ஆர்சிசிபிதான் பீஸ் போச்சு” என்று கழற்றி வீசிவிடுகிறார்.

கடைசியாக வருவது, எல்லா வாதமும் தோற்றபின் சொல்லப்படுவது: “இத்தனை வருஷமா இப்படித்தான் பண்றோம், யாருக்கு என்ன ஆச்சு?” எர்த் என்பது பழுது வரும் நாளில் மட்டும் வேலை செய்வது. பழுது வராத வருடங்கள் எர்த்தின் நற்சான்று ஆகாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து அறிக்கைகள் இந்தியாவில் ஆண்டுக்கு 12,000 பேருக்கு மேல் மின்சாரம் தாக்கி இறப்பதை அண்மை ஆண்டுகளில் பதிவு செய்திருக்கின்றன. எல்லாமே வீட்டு வயரிங்கால் வந்தவை இல்லை, அறுந்து விழுந்த லைனும் வயல் வேலியும் அதில் உண்டு. ஆனாலும் ‘யாருக்கு என்ன ஆச்சு’ என்ற கேள்வியைக் கேட்பதற்கு இடமில்லாமல் செய்யும் எண் அது. பழியை எலக்ட்ரீசியன் தலையில் மட்டும் போடுவதும் நியாயமாகாது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு பாதுகாப்பு விதிமுறைகள், வீட்டுக்கு மின்சாரம் தருபவரே அங்கே ஓர் எர்த் முனையைத் தந்து பராமரிக்க வேண்டும் என்றன. நடைமுறையில் வீட்டுக்காரர் தோண்டிய குழிதான் எர்த். இணைப்பு கேட்கும்போது கொடுக்கும் வயரிங் கம்ப்ளீஷன் ரிப்போர்ட்டில் இன்சுலேஷனுக்கும் எர்த்துக்கும் கட்டங்கள் இருக்கின்றன. அவை அளந்து நிரப்பப்படுகின்றனவா, மேஜையில் நிரப்பப்படுகின்றனவா என்று வீட்டுக்காரரும் கேட்பதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. 230 போதும் என்ற நம்பிக்கை இந்த மூன்று தரப்புக்கும் வசதியாக இருக்கிறது. அது இவ்வளவு நாள் பிழைத்திருப்பதன் ரகசியமும் அதுதான்.

ஆகவே கண்ணமங்கலத்திலோ சந்தவாசலிலோ படவேட்டிலோ வீடு கட்டுகிறவர் ஒப்படைக்கும் நாளில் கேட்க வேண்டியவை இவை. எல்லா பாயின்ட்டிலிருந்தும் எர்த் பார் வரை ஒயரின் தொடர்ச்சி பார்த்தாயிற்றா? ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும், பேஸும் நியூட்ரலும் தனித்தனியாக, மெக்கர் எண் என்ன? வீட்டு எர்த்தைப் பிரித்து வைத்து, தண்ணீர் ஊற்றாமல், குழியின் தடை எத்தனை ஓம்? ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியரில் எத்தனை மில்லிசெகண்டில் விழுந்தது? 1,500 வாட் ஹீட்டரோ அயர்ன் பாக்ஸோ போட்டபடி கடைசி பாயின்ட்டில் வோல்டேஜ் எவ்வளவு இறங்கியது? கடைசிக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சுமையில்லாதபோது 230 காட்டும் ஒரு லூஸ் ஜாயின்ட்டில் 2 ஓம் தடை இருந்தால், ஆறரை ஆம்பியர் பாயும்போது 13 வோல்ட் இறங்கும். அத்துடன் 80 வாட்டுக்கு மேல் சூடு அந்தப் பெட்டிக்குள்ளேயே இறங்கும், பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்க அது போதும்.

இந்த எண்களை, எடுத்த தேதியோடும் மாதத்தோடும், டிபி பாக்ஸ் கதவின் உட்பக்கம் ஒரு தாளில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த சித்திரையில் வரும் எலக்ட்ரீசியன் தன் எண்ணை அதன் பக்கத்தில் எழுதட்டும். “230 காட்டுது, பக்கா” என்று மட்டும் சொல்லி மீட்டரைச் சுருட்டுகிறவருக்கு, வேலை இன்னும் முடியவில்லை என்று சொல்லிக் கடைசித் தவணைப் பணத்தை நிறுத்திவையுங்கள். இந்த நம்பிக்கைக்கு எந்தக் கட்டுரையைவிடவும் அது நல்ல மறுப்பாக இருக்கும்.